மண்ணீரலைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியையும் பேரன் பிறந்த செய்தியையும் இரண்டே வரிகளில் முடித்துவிட்டு, மிச்சப் பக்கம் முழுவதையும் ஒரு நோயாளிக்கே ஒதுக்கியிருக்கிறாய். கத்தியைக் கீழே வைத்த பிறகும் நீ மாறவில்லை. நானும் இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் ஆய்வகத்துக்குப் போகிறேன். ஆனாலும் உன் கேள்வியைப் படித்ததும் பழைய ஸ்லைடு பெட்டியைத் தேடி எடுக்கத் தோன்றியது.

உண்ணி கடித்து, சிவப்பணுக்களுக்குள் புகும் பேபீசியா என்ற ஒட்டுண்ணி தொற்றியவர், நாற்பது வயதுகூட ஆகாதவர், வேறு நோய் எதுவும் இல்லாதவர், ரத்தத்தில் ஒட்டுண்ணி ஏறிய சிவப்பணுக்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அப்படிப்பட்டவருக்கு மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தது எப்படி என்று கேட்கிறாய். அரிதுதான், ஆனால் விநோதம் அல்ல. இந்த நோயில் மண்ணீரல் கிழிந்ததாகப் பதிவானவர்களில் பலர் உன் நோயாளியைப் போலவே திடமாக இருந்தவர்கள்தாம். ஒட்டுண்ணியின் எண்ணிக்கையும் அவர்களிடம் பெரும்பாலும் குறைவாகவே இருந்திருக்கிறது. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு தன் நெகிழ்வை இழந்துவிடுவதால், மண்ணீரலின் குறுகலான சல்லடையைத் தாண்ட முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. அதை விழுங்கும் அணுக்கள் பெருகுகின்றன, ரத்தம் தேங்குகிறது, உறுப்பு சில நாட்களிலேயே வீங்கிவிடுகிறது; மேலுறையோ அந்த வேகத்துக்கு விரிந்துகொடுப்பதில்லை. கைவிரலில் எடுத்த துளி ரத்தத்தில் ஒட்டுண்ணி குறைவாகத் தெரிந்ததற்கே மண்ணீரல் மும்முரமாக வடிகட்டியதுதான் காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். அந்த எண்ணை மட்டும் பார்த்து நோய் லேசானது என்று முடிவுகட்டுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

இடது விலாவின் கீழே வலி, அதோடு இடது தோள்பட்டை நுனியில் ஒரு குத்தல் என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். மண்ணீரல் கசிவின் வலி அந்தத் தோளில் தெரிவதுண்டு. அதைத் தோள் வலி என்று தைலம் கொடுத்து அனுப்பாமல் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்ன இளம் மருத்துவரை எனக்காக ஒருமுறை பாராட்டிவிடு.

அந்த உறுப்பை எடுத்தே தீர வேண்டுமா என்ற உன் தயக்கம் மிகச் சரியானது. 1957இல் யூகோஸ்லாவியாவில் முதன்முதலாக மனிதரிடம் இந்தத் தொற்று கண்டறியப்பட்டபோது, அதற்குப் பலியானவர் முன்பே மண்ணீரலை இழந்திருந்தவர். 1969இல் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில்தான், மண்ணீரல் உள்ளவருக்கும் இது வரும் என்று தெரிந்தது. மண்ணீரல் இல்லாதவர்களிடமும், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு ரிட்டுக்சிமாப் மருந்து பெற்றவர்களிடமும் இது அடங்குவதும் மீண்டும் தலைதூக்குவதுமாக மாதக்கணக்கில் இழுக்கும். மற்றவர்களுக்கு அட்டோவாக்குவோன், அசித்ரோமைசின் என்ற இரு மருந்துகளும் 7 முதல் 10 நாள் போதும். இவர்களுக்குக் குறைந்தது 6 வாரம் தேவைப்படலாம். ஆகவே, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் நிலையாக இருக்கும்வரை காத்திருப்பதோ, கசியும் தமனியை மட்டும் அடைப்பதோ மேல் என்பேன்.

என்னை அதிகம் யோசிக்க வைத்த சிக்கல் இன்னொன்று உண்டு. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், பேபீசியா வந்த 86 பேரில் 6 பேருக்கு, நோய் கண்டறியப்பட்டு இரண்டு முதல் நான்கு வாரங்களில், உடல் தன் சிவப்பணுக்களைத் தானே அழிக்கும் சோகை வந்திருந்தது. ஆறு பேருமே மண்ணீரல் இல்லாதவர்கள். ஹீமோகுளோபின் மறுபடி சரியும்போது ஒட்டுண்ணி திரும்பிவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஸ்லைடு சுத்தமாக இருந்து, சிவப்பணுக்கள்மேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் சோதனை பாசிட்டிவ் என்று வந்தால், எதிரி வேறு. சிகிச்சையும் ஸ்டீராய்டு பக்கம் திரும்ப வேண்டியிருக்கும். விழுங்கும் அணுக்கள் வெறிபிடித்து எலும்பு மஜ்ஜையில் எல்லா ரத்த அணுக்களையும் தின்னும் நிலையும் உண்டு. காய்ச்சல் இறங்காமல், எல்லா அணுக்களும் குறைந்து, இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் ரத்தத்தில் ஆயிரக்கணக்கில் ஏறினால் அதை நினைத்துக்கொள்.

பெட்டியிலிருந்து எடுத்த ஸ்லைடில், எண்ணெய் சொட்டு விட்டு நூறு மடங்கு லென்ஸில் இருபது நிமிடம் தேடினேன். சிவப்பணுக்களுக்குள் சின்னச் சின்ன வளையங்கள். மலேரியா என்று எவரும் சொல்லிவிடுவார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானே அப்படித்தான் அறிக்கையில் எழுதினேன். கையெழுத்திடும் முன் ஓரத்தில் ஓர் அணுவுக்குள் நான்கு புள்ளிகள் சிலுவைபோல் கூடியிருப்பதைப் பார்த்தேன். மலேரியாவின் பழுப்பு நிறமியும் எங்கும் இல்லை. அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்த மனிதரிடம் உண்ணி கடித்ததா என்று கேட்கச் சொன்னேன். இல்லவே இல்லை என்றார். கசகசா அளவேயான இளம் உண்ணி கடித்ததை யார்தான் அறிவார்கள்?

உன் நோயாளிக்கு மண்ணீரலை எடுக்க நேர்ந்தாலும் நேராவிட்டாலும், மாத்திரை முடிந்த இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் ஸ்லைடோடு ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல். முதல் ஸ்லைடு இன்னும் அங்கே இருந்தால் எனக்கு அனுப்பு. அந்தச் சிலுவை இருக்கிறதா என்று நானும் ஒருமுறை தேடிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
வேலாயுதம்