கண்ணோரக் கோட்டுக்குக் கைப்பேசி மட்டுமா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் இங்கே சிங்கப்பூரில் ஒரு கடைத்தொகுதியில், அழகுசாதனக் கடைப் பெண் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, ரொம்ப நேரம் ஃபோன் பார்ப்பீங்களா? கண்ணோரத்துல கோடு விழுந்திருக்கே" என்றார். சொன்ன கையோடு, நீல ஒளியிலிருந்து காப்பாற்றுமாம், கட்டைவிரல் அளவுக் குப்பி ஒன்றை நீட்டினார். விலை 90 வெள்ளி. வாங்கவில்லை. ஆனால் கேள்வி மனத்தில் உட்கார்ந்துவிட்டது, ஏனென்றால் நான் ஃபோனைவிட ஊசிக் காதைத்தான் அதிகம் பார்க்கிறவள். தேக்காவில் 20 வருடமாக ரவிக்கை தைக்கிறேன்.

விசாரித்துப் படித்ததில் புரிந்தது இதுதான். கண் களைத்துப்போவதால் தோல் சுருங்குவதில்லை, களைத்த கண்ணை நாம் இடுக்குகிறோமே, அதுதான் வினை. கண்ணைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. இடுக்கும்போதெல்லாம் அது மேலே உள்ள தோலை மடிக்கிறது, அந்தப் பக்கத்துத் தோலோ உடம்பிலேயே மிக மெல்லியது. துணியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்தால் மடிப்பு நின்றுவிடாதா, அந்தக் கதைதான். சுருக்கம் மறையப் போடுகிறார்களே, அந்தப் போட்டாக்ஸ் ஊசி செய்வதும் இந்தத் தசையைச் சில மாதம் ஓயவைப்பதுதான்.

எனக்கு 42 வயதில் வெள்ளெழுத்து வந்தது. கண்ணாடி போட்டால் பாட்டி மாதிரி இருக்கும் என்று மூன்று வருடம் தள்ளிப்போட்டேன் (இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது). கறுப்பு ரவிக்கையில் கறுப்பு நூலால் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது மகள் ஒரு படம் எடுத்தாள். துணியைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, மூக்கைச் சுருக்கி, கண் இருந்த இடத்தில் இரண்டு கோடு. தினமும் எட்டு மணி நேரம் அந்த முகத்தோடுதான் இருந்திருக்கிறேன்! கண்ணாடி போட்ட வாரமே சாயங்காலத் தலைவலி நின்றது. கோடு போகவில்லை, அது வேறு விஷயம்.

ஃபோனும் ஒன்றும் அப்பாவி இல்லை. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைகிறது, கண் காய்கிறது, உடனே கசக்குகிறோம். ஆனால் அதன் நீல ஒளியெல்லாம் நம் ஊர் வெயிலுக்கு முன்னால் மின்மினிதான். நண்பகலில் புற ஊதாக் குறியீடு, அதாவது வெயிலில் தோலைக் கெடுக்கும் கதிரின் அளவு, மிகக் கடுமையான 11-ஐத் தொடுவது இங்கே அதிசயமில்லை. அந்த வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நடந்தால் கோடு இரண்டு வழியில் விழுகிறது, கதிர் தோலைக் கெடுக்கிறது, கூச்சத்தில் கண்ணையும் இடுக்குகிறோம்.

சந்தேகம் இருந்தால் வண்டி ஓட்டுகிறவர்களைப் பாருங்கள். 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கமாக இருந்த இடது கன்னம் மட்டும் தொங்கிப்போய்ச் சுருங்கியிருக்கும். ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு வகையை நன்றாகவே உள்ளே விடுகிறது. என் வீட்டுக்காரரும் லாரிதான் ஓட்டுகிறார். இங்கே ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம், அவருக்கு வலது கண்ணோரத்தில்தான் கோடு அதிகம்.

அந்த 90 வெள்ளியில் அவருக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன், எனக்கு ஒரு சன்ஸ்கிரீன். நான் பூசிக்கொள்கிறேன். அவர் கண்ணாடி மட்டும் இன்னும் உறையோடு லாரியில் கிடக்கிறது.

தையல்காரி, தேக்கா