மகனுக்கு, பொகவந்தலாவையிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய காசு கிடைத்தது. அம்மாவுக்குக் கண் மருந்து எடுத்தாயிற்று. மழை விட்டபாடில்லை. வேறு புதினம் இல்லை.

ஸ்டூடியோ முதலாளி போட்டோ அச்சடிக்கும் மருந்து கலக்கும் அறைக்குள் விடுகிறாரில்லை என்று போனில் கோபப்பட்டாயே, அதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. தொழில் அப்படித்தான் தம்பி. பாரிசுக்குத் தெற்கே சவிஞி-சூர்-ஓர்ஜில் பிரெசோன் குடும்பம் என்ன செய்தது? மூத்தவர் 1899இல் காட்டிய, கரித்தூளால் போட்டோ அச்சடிக்கும் கரிப்படத் தாளின் கலவையைப் பிள்ளை, பேரன் தவிர யாருக்கும் சொல்லவில்லை. மரத்தூள் கலந்த தண்ணீரைத் தாளின்மேல் ஊற்றி ஊற்றி, வெளிச்சம் பட்டு இறுகாத கரியைத் தேய்த்து எடுப்பார்கள். அது ஊருக்கே தெரியும். தாளில் எதை எவ்வளவு பூசினார்கள் என்பதுதான் வெளியே வரவில்லை. இங்கிலாந்தில் ஸ்வான் என்பவர் 1864இல் தன் கார்பன் முறைக்கு, அதாவது கரிப்பட முறைக்கு, பேடண்ட் எடுத்தார். எடுத்தால் செய்முறையை எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் அப்புறம் அது ஊர்ச்சொத்து.

நம்ம சென் மேரிஸ் சர்ச்சில் அடக்கமாகியிருக்கும் போட்டோக்காரி கேமரன் அம்மாவை எடுத்துக்கொள். 1879இல் கிளென்கேர்ன் தோட்டத்தில் செத்துப்போனவர். எவ்வளவு பெரிய கைகாரி! அவரே தன் படங்கள் சிலவற்றைக் கார்பனில் அச்சடிக்க லண்டன் ஓட்டோடைப் கம்பனியிடம்தான் கொடுத்தார். எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்று நிற்கவில்லை.

உன் தாத்தா மட்டும் லேசுப்பட்டவரா? நம்ம ஸ்டூடியோவில் அவருடைய மருந்துப் போத்தல்களில் பெயரே இருக்காது, 1, 2, 3 என்று இலக்கம்தான். மூன்றாம் போத்தலைத் திறந்தால் கூழ்முட்டை நாற்றம் கடைவீதி முழுக்க வீசும். சோடியம் சல்பைடு என்று பக்கத்துப் பாமசிக்காரருக்குக்கூடத் தெரியும். ஆனாலும் படத்தைப் பழுப்பாக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வார். நான் வெளியே நின்று பேப்பர்தான் கழுவினேன். ஆனால் கோபித்துக்கொண்டு எங்கேயும் போய்விடவில்லை.

உன் கைவேலையை இங்கே எல்லோருக்கும் காட்டுகிறேன். நீ கடைசியாக அனுப்பிய படத்தில் அந்த நிழலுக்குள்ளும் கல் கல்லாகத் தெரிகிறது. நம்ம ஸ்டூடியோவில் அப்படி ஒன்று வந்ததே இல்லை. அவ்வளவு கெட்டிக்காரனுக்கு வீட்டுக்கு ஒரு போன் எடுக்கத்தான் நேரமில்லை. "நல்லா இருக்கேன்" என்று இரண்டு சொல் அனுப்பினால் போதுமா? அம்மா அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறாள்.

தாளில் பூசும் பைகுரோமேட் மருந்தில் வெறுங்கை வைக்காதே, கை புண்ணாகிவிடும். கையுறை போட்டுக்கொள். இப்போது வேறு வேலை என்றாலும் குளிருக்குக் கையுறை போட்டுக்கொள்.

சித்தப்பா மகள் அந்தப் பக்கம் போனாளாம். ஸ்டூடியோவில் உன்னைக் காணவில்லை என்றாள். லீவாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா தேயிலைத் தூளும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டி வைத்துவிட்டு விலாசம் கேட்கிறாள். பழைய விலாசத்துக்கே அனுப்பட்டுமா?

அப்பா