பேத்தி கேட்ட முடிச்சுக் கணக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. பேத்திக்கு உத்தண்டி கடல்சார் பல்கலைக்கழகத்தில் நாட்டிக்கல் சயின்ஸ், அதாவது கப்பல் செலுத்தும் படிப்பு, படிக்க இடம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் கப்பலில் இருந்த காலத்தில் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தளத்தில், ஒரு பெண் அதிகாரியைக்கூடப் பார்த்ததில்லை. அவளுக்கு என் ஆசிகளைச் சொல். இங்கே எல்லோரும் நலம். எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. எழுத்து பளிச்சென்று தெரிகிறது, அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும்.

கப்பலின் வேகத்தை ஏன் 'நாட்' என்கிறார்கள், முடிச்சுக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தாய். நிஜமாகவே கயிற்றில் போட்ட முடிச்சுதான் அது. பாய்க்கப்பல் காலத்தில் கால்வட்ட வடிவில் ஒரு பலகை வைத்திருப்பார்கள். அதன் வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருக்கும். கடலில் போட்டால் நிமிர்ந்து நின்று, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, விழுந்த இடத்திலேயே நிற்கும். கப்பல் முன்னே போகப் போக, பலகையில் கட்டிய கயிறு ராட்டிலிருந்து உருவிக்கொண்டு ஓடும். ஒருவர் ராட்டைத் தூக்கிப் பிடிப்பார், இன்னொருவர் மணற்குடுவையைக் கவிழ்ப்பார், கயிற்றை விடுபவர் கைக்குள் ஓடும் முடிச்சுகளை எண்ணுவார். மணல் தீர்ந்ததும் கயிற்றை இறுக்கிப் பிடித்துவிடுவார்கள். ஆறு முடிச்சு போயிருந்தால் மணிக்கு ஆறு கடல்மைல் வேகம்.

பின்னாளில் நிலைபெற்ற அளவு, முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம், குடுவைக்கு 28 விநாடி. அவளையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல். ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கினால் 6075 அடி வரும். ஆங்கிலேயர் வைத்திருந்த கடல்மைல் 6080 அடி. கயிறும் மணலும் வைத்துக்கொண்டு எவ்வளவு நெருங்கியிருக்கிறார்கள் பார்! இந்தப் பலகை முறையை 1574லேயே வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் தன் நூலில் விவரித்திருக்கிறார். பலகையின் பெயர் 'லாக்'. அதில் அளந்ததைக் குறித்துவைத்த புத்தகம் லாக் புக். செல்போனில் நாம் 'லாக் இன்' செய்கிறோமே, அந்தச் சொல்லும் இங்கிருந்து கிளம்பியதுதான். அப்புறம், 'மணிக்குப் பத்து நாட்' என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்று சொல். நாட் என்பதிலேயே மணி அடங்கிவிட்டது. வகுப்பில் முதல் வாரமே திட்டு விழும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், எங்களுக்கு இந்தச் சொற்களை வெறும் பட்டியலாக உருப்போடச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ கையால் செய்த வேலை இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அது தெரிந்திருந்தால் உருப்போடவே தேவையிருந்திருக்காது.

ஸ்டார்போர்டையே எடுத்துக்கொள். கப்பலின் வலப்பக்கம். நட்சத்திரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டியோர்போர்ட்', அதாவது கப்பலைத் திருப்பும் பக்கம். பின்பக்கம் நடுவில் சுக்கான் வருவதற்கு முந்திய காலத்தில், அகலமான துடுப்பு ஒன்றை வலப்பக்கத்தில் மாட்டித் திருப்பினார்கள். நார்வேயில் 1904இல் தோண்டியெடுத்த ஓசெபெர்க் வைக்கிங் கப்பலில் அந்தத் துடுப்பு அதே பக்கத்தில் இருக்கிறது. துடுப்பு நசுங்காமல் இருக்க இடப்பக்கத்தைக் கரையோடு அணைத்துத்தான் சரக்கு ஏற்றுவார்கள். அதனால் இடப்பக்கத்துக்குச் சரக்கேற்றும் பக்கம் என்ற பொருளில் 'லார்போர்ட்' என்று பெயர். காற்று இரைச்சலில் ஸ்டார்போர்ட், லார்போர்ட் இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். தவறான பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1844இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் லார்போர்டைக் கைவிட்டு 'போர்ட்' என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டது. பக்கவாட்டுத் துடுப்பு மறைந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது, பெயர் மட்டும் விமானம் வரைக்கும் போய்விட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆடம்பரமான என்று பொருள்படும் 'பாஷ்' என்ற ஆங்கிலச் சொல் கப்பல் டிக்கெட்டிலிருந்து வந்தது, இந்தியாவுக்கு வரும்போது போர்ட் பக்க அறை, திரும்பும்போது ஸ்டார்போர்ட் பக்க அறை என்று பணக்காரர்கள் வாங்கியதன் முதலெழுத்துகள் அது என்று யாராவது அவளிடம் கதை விடுவார்கள். அப்படி முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை. நம்ப வேண்டாம்.

கப்பலில் மணியடிக்கும் வழக்கமும் மணற்குடுவையோடு வந்ததுதான். இது வேறு, அரைமணி ஓடும் குடுவை. அரைமணிக்கு ஒருமுறை குடுவையைத் திருப்பும்போது மணியில் ஒரு அடி கூடும். நாலு மணி நேர வாட்ச், அதாவது காவல்முறை, முடியும்போது எட்டு அடி. புத்தாண்டு நள்ளிரவில் மட்டும் பழைய ஆண்டுக்கு எட்டு, புதியதற்கு எட்டு என்று பதினாறு அடிப்பார்கள். புதிய ஆண்டுக்கான எட்டைக் கப்பலிலேயே வயதில் இளையவர் அடிப்பது வழக்கம். உன் பேத்திக்கு அந்த வாய்ப்பு வரும்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். மாலுமி என்பது அரபு முஅல்லிமிலிருந்து வந்தது. ஆசிரியரைக் குறிக்கும் சொல்லையே கப்பலுக்கு வழிகாட்டுபவருக்கும் வைத்தார்கள். சுக்கானும் அரபுதான். நாம் கொடுத்தது கட்டுமரம். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தன் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை எழுதி வைத்திருக்கிறார். 1804இல் பிரெஞ்சுக்காரர்களின் பூலோன் துறைமுகத்தைத் தாக்க ஆங்கிலேயர் மிதக்கவிட்ட வெடிப்பெட்டிகளுக்கும் அதே பெயர்தான். 1876இல் அமெரிக்காவில் ஹெரெஷாஃப் என்ற படகு வடிவமைப்பாளர் இரட்டை உடல் படகு ஒன்றைக் கட்டிப் பந்தயத்தில் ஜெயித்தார். இன்று 'கேட்டமரான்' என்றால் உலகம் முழுக்க அந்த இரட்டைப் படகுதான். அதில் கட்டும் இல்லை, மரமும் பெரும்பாலும் இல்லை. மரங்களைக் கயிற்றால் பிணைத்து, அலை மேலே ஏறினாலும் இடுக்கு வழியாகத் தண்ணீர் வழிந்துவிட, கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து மணலில் காயப்போடும் நம் ஆட்களின் வேலை அந்தச் சொல்லுக்குள் இருப்பது பல்கலைக்கழகத்தில் படித்தாலும் அவளுக்குத் தெரியாமல் போகலாம். நீதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒரு உதவி. மணப்பாட்டில் உன் மச்சான் வீட்டுப் பக்கம் பழைய கடலோடிகள் இன்னும் சிலர் இருப்பார்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்ற காற்றுப் பெயர்கள் எனக்குத் தெரியும். நீரோட்டத்துக்கும், பாயின் ஒவ்வொரு கயிற்றுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் தெரியாது. பேத்தியையும் கூட்டிக்கொண்டு போய், உட்கார்ந்து கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வாங்கி வா. எந்தக் கயிறு எங்கே கட்டப்படும் என்று அவளைப் படம் வரையச் சொல். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன் பழைய நண்பன்