கடைமடைக்கு எப்போது வரும்?

சயான், மும்பை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதமும் தேங்காய்ப் பார்சலும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கஜாவுக்கு அப்புறம் நட்ட கன்றுகளின் முதல் காய்ப்பு என்று எழுதியிருந்தாய். அதில் ஒன்றை உடைக்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறோம். 2018 நவம்பரில் புயல் அடித்து நாலு நாள் கழித்து உன் போன் கிடைத்தபோது, "ஒரு மரம்கூட நிக்கலடா" என்று சொல்லிவிட்டு நீ பேச முடியாமல் நின்றது இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநடவுக்கு வாங்கிய கடனில் இரண்டு வருடத் தவணை பாக்கி, தவணையைத் தள்ளிவைத்தார்களே தவிர வட்டி நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். கடைசியில் கேட்டாயே ஒரு கேள்வி: "பருவநிலைக்காகப் பணக்கார நாடுகள் கோடி கோடியாத் தருதுன்னு பேப்பர்ல போடுறான், அதுல எங்க பக்கம் எதாவது வருமா?" பத்து நாளாக அதே நினைப்பு. திட்டக் கடன் கணக்குப் பார்ப்பதே என் வேலை என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேட்டூரில் தண்ணீர் திறந்தால் பேப்பரில் படம் வருகிறது. கடைசியில், கடைமடையில் இருக்கும் உங்கள் வாய்க்காலுக்கு அது வந்து சேர்வது வேறு கதை. இந்தப் பணமும் அப்படித்தான். 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று 2009இல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் சொன்னார்கள். அந்த அளவை முதன்முதலாகத் தொட்டது 2022இல். அதிலும் அரசுகள் வழியாகவும் உலக வங்கி போன்றவை வழியாகவும் வந்த பணத்தில் பத்தில் ஏழு பங்கு கடன். 2024இல் பாகு மாநாட்டில், 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவு செய்தார்கள். ஏழை நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி டாலர். நம் நாட்டுப் பிரதிநிதி அந்த அரங்கத்திலேயே எழுந்து இதை ஏற்க முடியாது என்று சொன்னார். சொன்னது நியாயம்.

கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. சோலார் மின்நிலையத்துக்குக் கடன் பொருந்தும். மின்சாரம் விற்கும், தவணை அடையும். அங்கே சிக்கல் வட்டியில்தான் இருக்கிறது. அனல் மின்நிலையம் என்றால் செலவில் பெரும்பங்கு வருடா வருடம் வாங்கும் நிலக்கரி. சோலாரில் கிட்டத்தட்ட எல்லாச் செலவும் முதல் நாளிலேயே. அதனால் வட்டிதான் யூனிட் விலையைத் தீர்மானிக்கிறது. 100 ரூபாயை 20 வருடத்தில் அடைப்பதாகக் கணக்குப் போட்டுப் பார். 4 சதவீத வட்டி என்றால் வருடத் தவணை 7 ரூபாய் 36 காசு. 11 சதவீதம் என்றால் 12 ரூபாய் 56 காசு. அதே பேனல். வெயில் நம்மிடம்தான் அதிகம். ஆனாலும் ஐரோப்பாக்காரனுக்கு முதல் வட்டி, ஆப்பிரிக்காக்காரனுக்கு இரண்டாவது அல்லது அதற்கும் மேலே. டாலரில் கடன் வாங்கி உள்ளூர்ப் பணத்தில் சம்பாதித்து அடைப்பது இன்னொரு சுமை. 2009இல் 48 ரூபாய்க்குப் பக்கம் இருந்த டாலர் இப்போது 85ஐத் தாண்டிவிட்டது.

வடிகால் அப்படி இல்லையே மாப்ள. சென்னையில் கொசஸ்தலையாற்றுப் படுகைக்கு மழைநீர் வடிகால் கட்ட ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25 கோடியே 10 லட்சம் டாலர் அனுமதித்தது. தேவையான வேலை, மணலி, எண்ணூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் அதுவும் கடன்தான். வடிகாலில் தண்ணீர் ஓடினால் யார் காசு தருவார்கள்? வீட்டுக்குள் வெள்ளம் வராமல் போனது லாபம்தான், அந்த லாபம் எந்த வங்கிக் கணக்கிலும் ஏறாது. அதனால்தான் வெள்ளம், புயலைத் தாக்குப்பிடிக்கும் வேலைகளுக்கு அவ்வளவாகப் பணம் வருவதில்லை. வளரும் நாடுகளுக்கு இதற்கு மட்டும் ஆண்டுக்கு 21,500 முதல் 38,700 கோடி டாலர் வேண்டும், 2022இல் வெளிநாட்டு அரசுப் பணமாக வந்தது 2,800 கோடி என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது.

மிச்சத்தை யார் போடுகிறார்கள் என்று இங்கே தாராவியில் தினமும் பார்க்கிறேன். 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருவர் இட்லி அவித்துக் கொடுக்கிறார். மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் ஆறு மணிக்கு அலுமினிய டேக்சா தலையில் ஏறிவிடும். தகரக் கூரை. மே மாதத்தில் ராத்திரியும் சூடு இறங்காது, மாவு விடிவதற்குள் புளித்துப் பொங்கிவிடும். இப்போதெல்லாம் கிரைண்டரில் ஐஸ் போட்டு ஆட்டுகிறார், ஐஸுக்குத் தினமும் தனிச் செலவு. 2005 ஜூலை 26இல் சாந்தாகுரூஸில் 944 மி.மீ. கொட்டிய அன்று ஏறிய தண்ணீரின் கறை எதுவரை இருந்தது என்று சுவரில் கை வைத்துக் காட்டுவார். போன வருடம் சீட்டு எடுத்து வாசற்படியை ஒரு முழம் உயர்த்தினார். அரிசியும் உளுந்தும் பரணுக்குப் போய்விட்டன. இந்தச் செலவு எந்த மாநாட்டுக் கணக்கிலும் இல்லை. உன் மறுநடவுக் கடனும் இல்லை.

வழி இல்லாமல் இல்லை. 2024இல் பெரில் சூறாவளி கிரெனடா என்ற குட்டித் தீவு நாட்டைப் புரட்டிப்போட்டது. அவர்களுடைய கடன் பத்திரத்தில் புயல் ஷரத்து ஒன்று இருந்தது. பெரும் புயல் அடித்தால் தவணையை நிறுத்திவைக்கலாம். அதைப் பயன்படுத்தினார்கள். தள்ளுபடி இல்லை, தள்ளிவைப்புதான். ஆனாலும் வீடு கூரை இல்லாமல் நிற்கும் வருடத்தில் கையில் காசு இருந்தது. அதே வருடக் கோடையில் கூலி வேலை, சிறுதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா அமைப்பு குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியதும் சுமார் 50,000 பெண்களுக்குத் தலா 400 ரூபாய் கொடுத்தது. மனு எழுதவும் வேண்டாம், அதிகாரி வந்து பார்க்கவும் வேண்டாம். 400 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் வெயிலில் வேலைக்குப் போகாமல் ஒரு நாள் வீட்டில் இருக்க அது போதும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இப்படித் தாக்குப்பிடிக்கும் வேலைகளுக்குக் கடனாக இல்லாமல் மானியமாகவே தரும் தகவமைப்பு நிதி என்று ஒரு சர்வதேச நிதி இருக்கிறது. இந்தியாவில் அதற்கு வழி நபார்டு, விவசாயத்துக்கும் கிராம வளர்ச்சிக்குமான வங்கி. அதன் தலைமை அலுவலகம் இங்கே பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில்தான், பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். தமிழ்நாட்டிலும் ராஜஸ்தானிலும் நீர்ப்பிடிப்புப் பகுதி வேலைகளுக்கு அந்தப் பணம் வந்திருக்கிறது. தனி ஆள் கேட்க முடியாது, திட்டமாகப் போக வேண்டும். அதற்குப் புள்ளிவிவரம் கேட்பார்கள். கடைமடை வாய்க்காலில் உப்பு ஏறுகிறது என்று நீ சொன்னால் நான் நம்புவேன், அவர்கள் எத்தனை வருட அளவு இருக்கிறது என்பார்கள்.

அதனால் இந்தக் கடிதத்தோடு அனுப்பும் பார்சலில் தண்ணீரில் உப்பு அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் ஏறும், அந்த நாட்களில் தவறாமல் அள. ஷட்டருக்கு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம், உன் கிணறு. தேதி, நேரம், அளவு மூன்றையும் நோட்டில் எழுது. பள்ளிக்கூட சயின்ஸ் வாத்தியாரையும் சேர்த்துக்கொள், பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள். மாதா மாதம் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பு, நான் கணினியில் ஏற்றிவைக்கிறேன்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். பொங்கலுக்கு வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. மீட்டருக்கு பேட்டரி உள்ளேயே இருக்கிறது, மூடியைக் கழற்றி அந்த பிளாஸ்டிக் தாளை மட்டும் உருவிவிடு.

அன்புடன்,
உன் மாப்ள