அந்த முன்னுரையைத் தாண்டிப் போ

அன்புள்ள சேகர்,

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரின் 'புராட்டஸ்டண்ட் அறவியலும் முதலாளியத்தின் ஆன்மாவும்' நூலை முன்னுரையோடு மூடிவைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். தப்பு உன்மேல் இல்லை. உன்னிடம் இருப்பது டால்கட் பார்சன்ஸ் 1930இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. அதில் முதலில் நிற்கும் முன்னுரை இந்த நூலுக்காக எழுதியதே அல்ல. நூல் 1904, 1905இல் ஓர் ஆய்விதழில் இரண்டு பகுதியாக வந்தது. முன்னுரையோ மதச் சமூகவியல் கட்டுரைகளின் மொத்தத் தொகுப்புக்காக 1920இல் எழுதியது. மேற்கத்திய இசை, கட்டடக்கலை, கணக்குப்பதிவு என்று அது எங்கெங்கோ அலைவது அதனால்தான். கடைசியில் படித்துக்கொள்.

இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு அறுவடைக் கூலியாள் வருவான், அங்கே தொடங்கு. ஒரு மோர்கன் நிலத்துக்கு 1 மார்க் கூலி (மோர்கன் பழைய ஜெர்மன் நில அளவு, மார்க் அவர்கள் நாணயம்; பார்சன்ஸ் 'ஏக்கர்' என்று போட்டிருக்கிறார், மோர்கன் அதைவிடச் சின்னது). நாளுக்கு 2.5 மோர்கன் அறுத்து 2.5 மார்க் வாங்குகிறான். அறுவடை அவசரம், மழை முந்திக்கொண்டால் போச்சு. கூலியை 1.25 மார்க் ஆக்குகிறார்கள். 3 மோர்கன் அறுத்தால் 3.75 மார்க் கிடைக்கும். அவனோ 2 மோர்கனோடு நிறுத்திக்கொள்கிறான். வழக்கமான 2.5 மார்க்தான் வந்துவிட்டதே! சரி, கூலியைக் குறைத்தால்? அதுவும் ஒரு அளவுக்குத்தான். விலை உயர்ந்த இயந்திரம், கவனம் கேட்கும் வேலை என்று வந்துவிட்டால் அரைவயிற்று ஆளை வைத்து ஓட்ட முடியாது.

வெபர் இவனைச் சோம்பேறி என்று திட்டவில்லை. இவன்தான் இயல்பான மனிதன், 3.75க்கு ஓடுகிறவன் எங்கிருந்து முளைத்தான் என்பதே அவர் கேள்வி. அவனைத் தேடித்தான் புராட்டஸ்டண்டுகளில் ஒரு பிரிவினரான கால்வினியர்களிடம் போகிறார். யாருக்கு மீட்பு என்று கடவுள் முன்பே முடிவுசெய்துவிட்டார், பாதிரியாரோ பாவமன்னிப்போ அதை மாற்ற முடியாது என்பது அவர்கள் கொள்கை. இந்தத் தவிப்போடு எத்தனை நாள் இருப்பது? 'சந்தேகப்படாதே, உன் தொழிலை ஓயாமல் செய்' என்றார்கள் போதகர்கள். நாளாவட்டத்தில் தொழில் செழிப்பது மீட்பின் அடையாளமாகிவிட்டது. வந்த லாபத்தில் ஆடம்பரம் கூடாது என்பதால் பணம் திரும்பத் தொழிலுக்குள்ளேயே போனது.

'புராட்டஸ்டண்ட் மதம்தான் முதலாளியத்தைப் பெற்றெடுத்தது' என்று மட்டும் எழுதிவிடாதே. அது அபத்தம் என்று வெபரே அதே நூலில் சொல்கிறார். புராட்டஸ்டண்ட் மதம் பிறந்த சமயச் சீர்திருத்தத்துக்கு முன்பே முதலாளிய வணிகத்தின் முக்கியமான சில வடிவங்கள் இருந்தன.

'இரும்புக் கூண்டு' என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவதும் பார்சன்ஸின் சொல்தான். ஜெர்மன் மூலத்தில் இருப்பது எஃகுபோல் இறுகிய உறை. அந்தச் சொல் நத்தை ஓட்டுக்கும் பொருந்தும். உலகப் பொருள்மேல் உள்ள அக்கறை எப்போது வேண்டுமானாலும் கழற்றிப்போடக்கூடிய மெல்லிய மேலங்கிபோலத் தோளில் கிடக்கட்டும் என்றார் ஆங்கிலேயப் போதகர் பாக்ஸ்டர். அந்த அங்கி உறையாக இறுகிவிட்டது என்கிறார் வெபர். கூண்டென்றால் யாரோ நம்மை அடைத்ததாக ஆகிவிடும். எனக்கு ஓடுதான் சரியாகப் படுகிறது.

1897இல் தந்தையோடு சண்டை, சில வாரங்களில் தந்தையின் மரணம், அடுத்த ஆண்டு மனச்சோர்வு, 1903இல் ஹைடல்பெர்க் பேராசிரியர் பதவியை விட்டது என்று அவர் வாழ்க்கையை வைத்தே இந்நூலை விளக்குகிறவர்கள் உண்டு. சுவாரசியம்தான், ஆனால் கூலியாள் கணக்கைப் புரிந்துகொள்ள அது உதவாது.

வெபரின் இன்னொரு நூலான 'பொருளாதாரமும் சமூகமும்' இப்போதைக்கு வாங்காதே. 1920 ஜூனில் நிமோனியாவில் அவர் இறந்த பிறகு மனைவி மரியானே தொகுத்து வெளியிட்டது அது. எந்தப் பகுதியை எப்போது எழுதினார் என்பதே தனி வழக்கு. அடுத்து 1919இல் மூனிக்கில் அரசியலைத் தொழிலாகக் கொள்வது பற்றி ஆற்றிய உரையை எடு. இரண்டு மாலையில் முடித்துவிடலாம்.

அன்புடன்,
ராகவன்