முதலாளி பார்க்கும் ஸ்டேட்டஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலை கொடுப்பவர் நம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் பார்க்கிறார் என்றதும், ஏதோ ரகசிய மென்பொருளைப் போட்டு உள்ளே நுழைந்துவிட்டார் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். சேலத்தில் அதற்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையானாலும், ஜாகீர் அம்மாபாளையம் ஐ.டி. பூங்காவானாலும், ஏற்காட்டு விடுதியானாலும் கதவு ஒன்றுதான்: ஓனர் நம்பர் உங்கள் போனில் இருக்கிறது, உங்கள் நம்பர் அவர் போனில் இருக்கிறது. காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு ஏற்காடு லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று எடுத்த செல்ஃபியை ஸ்டேட்டஸில் வைத்தால், முதல் ஆளாக அவர்தான் பார்ப்பார்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் சாதாரணமாக 'மை காண்டாக்ட்ஸ்' என்ற அமைப்பில் இருக்கும். இரண்டு பேர் போனிலும் இருவர் எண்ணும் பதிவாகியிருந்தால் போதும், தெரிந்துவிடும். செட்டிங்ஸில் பிரைவசிக்குள் போய் ஸ்டேட்டஸைத் தொட்டு, 'மை காண்டாக்ட்ஸ் எக்ஸெப்ட்' என்பதில் மேலாளர், சூப்பர்வைசர், ஓனர் வீட்டார் எண்களைக் குறித்துவிடலாம். மூன்று இடத்தில் சறுக்கும். ஒன்று, மாற்றம் இனி வைக்கும் ஸ்டேட்டஸுக்கு மட்டும்தான். காலையில் வைத்துவிட்டதை அழித்தால்தான் உண்டு. இரண்டு, ஓனர் இரண்டு எண் வைத்திருப்பார், ஒன்றைத்தான் விலக்கியிருப்பீர்கள். மூன்று, 'யார் யார் பார்த்தார்கள்' பட்டியலை நம்புவது. ரீட் ரிசீட் என்ற நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர் உங்கள் ஸ்டேட்டஸைப் பார்த்தாலும் அவர் பெயர் அதில் வராது.

முகநூலில் புரொஃபைல் லாக் போட்டுவிட்டால் எல்லாம் மூடிவிட்டது என்று நினைக்கிறார்கள். பூட்டு உங்கள் வீட்டுக்குத்தான். ஒரு பத்திரிகைப் பக்கத்தின் கீழோ, கட்சிப் பக்கத்தின் கீழோ நீங்கள் எழுதும் கருத்து அந்தப் பக்கத்தின் திண்ணையில் கிடக்கிறது. அதை யாரும் படிக்கலாம். நண்பர் தன் பதிவில் உங்களை டேக் செய்தால், அதை யார் பார்ப்பது என்பது பெரும்பாலும் அவர் வைத்த அமைப்பைப் பொறுத்தது. டேக் ரிவியூவைப் போட்டு வைத்தால் உங்கள் பக்கத்தில் வராமல் தடுக்கலாம், அவர் பக்கத்திலிருந்து நீக்க முடியாது. பல வருடத்துப் பழைய பொதுப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' என்ற வசதி எல்லாவற்றையும் ஒரே தட்டில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிடும். ஆனால் ஒரே தட்டில் திரும்பக் கொண்டுவர முடியாது, யோசித்துத் தட்டுங்கள். இன்ஸ்டாகிராமை பிரைவேட் ஆக்கினாலும் முன்பே பின்தொடர்ந்தவர்கள் அப்படியே இருப்பார்கள். அவர்களைத் தனித்தனியாக நீக்க வேண்டும். நீக்கிய தகவல் அவர்களுக்குப் போகாது.

இத்தனையும் செய்த பிறகும் ஓட்டை இருக்கும் இடம், கூட வேலை செய்யும் ஆட்கள்தான். வாட்ஸ்அப் செய்திகளுக்கு எண்ட்-டு-எண்ட் மறைகுறியாக்கம் உண்டு என்கிறார்கள், அது வழியில் நிற்பவன் படிக்காமல் இருக்கத்தான். குரூப்பில் இருக்கும் 40 பேரில் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஓனருக்கு அனுப்பினால் எந்த மறைகுறியும் காப்பாற்றாது.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்து, அணைக்காமல் வீட்டுக்குப் போவது அடுத்த பெரிய தவறு. 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறந்து, தெரியாத கருவி இருந்தால் அங்கேயே லாக் அவுட் செய்துவிடலாம். ஆபீஸ் வைஃபையைப் பொறுத்தவரை, எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும், அங்கே என்ன எழுதினீர்கள் என்பது பொதுவாகத் தெரியாது. மறைத்து அனுப்புவதையும் பிரித்துப் படிக்க வழிசெய்யும் தன் பாதுகாப்புச் சான்றிதழை நிறுவனம் உங்கள் கருவியில் ஏற்றியிருந்தால் இந்தக் கணக்கு மாறும். சொந்த ஆண்ட்ராய்டு போனில் 'ஒர்க் புரொஃபைல்' (அலுவலகச் செயலிகளைத் தனியே வைக்கும் பகுதி) போட்டிருந்தால் சிறு பெட்டிக் குறி உள்ள செயலிகள் மட்டும் கம்பெனி கையில். கம்பெனியே வாங்கிக் கொடுத்த போன் என்றால் அதில் சொந்தக் கணக்கு எதையும் திறக்காமல் இருப்பதே உத்தமம்.

சட்டம் எங்கே நிற்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் சொன்னது. இரும்பாலை போன்ற பொதுத்துறை நிறுவனத்தில் இருப்பவர் இதை வைத்து உயர் நீதிமன்றம் போகலாம். லீ பஜாரில் மண்டி வைத்திருக்கும் தனியார் மீது அப்படி ரிட் மனு போடுவது சுலபமில்லை, அது பெரும்பாலும் அரசு அமைப்புகளுக்கு எதிரான வழி. தனியாருக்கும் பொருந்த வேண்டியது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் அமலுக்கு வரும். வந்தாலும் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். நீங்களே பொதுவில் போட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது (பிரிவு 3). வேலை தொடர்பான நோக்கத்துக்கும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் உங்கள் சம்மதம் இல்லாமலே தகவலைக் கையாள இடமிருக்கிறது (பிரிவு 7). தொழில் ரகசியம் காப்பதை அந்தப் பிரிவே உதாரணமாகச் சொல்கிறது. ஆக, பொதுவில் போட்டதை ஓனர் படித்தார் என்று அந்தச் சட்டத்தின் கீழ் புகார் கொடுத்தால் நிற்காது.

கடவுச்சொல் கேட்பது வேறு சங்கதி. நேர்முகத் தேர்வில் "போனைக் கொஞ்சம் கொடுங்க, ஃபேஸ்புக்கைத் திறந்து காட்டுங்க" என்று கேட்டால் பதற்றத்தில் கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்துவிட்டால் 'அவராகத்தான் கொடுத்தார்' என்பது அவர்கள் பதிலாகிவிடும். "பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது ஃபேஸ்புக் விதி சார், கொடுத்தால் நான்தான் விதியை மீறியவன் ஆவேன்" என்று பணிவாகச் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஒருவரின் கடவுச்சொல்லை நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உள்ள குற்றம். வேலைக்காகக் கடவுச்சொல் கேட்பதையே தடை செய்த சட்டம் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2012-லேயே வந்துவிட்டது. நம்மிடம் அப்படி நேரடியான ஒரு வரி இன்னும் இல்லை.

அரசு ஊழியர்கள் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள். அதற்காக வாயே திறக்கக் கூடாது என்று அர்த்தமில்லை. பேச்சுரிமை அரசு ஊழியருக்கும் உண்டு என்று ஒரு முகநூல் பதிவு தொடர்பான வழக்கில் திரிபுரா உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.

பதிவைக் காட்டி மெமோ வந்துவிட்டால் முதலில் செய்யும் தவறு, பதறிப்போய் அழிப்பது. அழித்தால் முன்னும் பின்னும் என்ன எழுதினீர்கள் என்பதற்கான உங்கள் சாட்சியும் சேர்ந்து போய்விடும். பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிட்டு, முகநூலில் உங்கள் தகவல் முழுவதையும் இறக்கி வையுங்கள். வாட்ஸ்அப்பில் அந்த உரையாடலை 'எக்ஸ்போர்ட் சாட்' செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். பிறகு எழுத்தில் கேளுங்கள்: படத்தை எடுத்தது யார், எந்தத் தேதி, எந்த நேரம், பதிவின் இணைப்பு முகவரி என்ன, முழு உரையாடல் எங்கே. வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டில் இவை எதுவும் இருக்காது. போலி உரையாடல் படம் தயாரிக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நீதிமன்றம் போனால் மின்னணு ஆவணத்துக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். உள்விசாரணையில் அந்த அளவு கண்டிப்பு இல்லை என்றாலும், ஆதாரத்தின் நகலைக் கொடுக்காமலும் விளக்கம் கேட்காமலும் வேலையை விட்டு நிறுத்தினால் அது தொழில் தீர்ப்பாயத்தில் நிற்பது கடினம்.

முதலாளிகள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பண்டிகை சீசனுக்குப் புதிதாக வார்த்த கொலுசு டிசைனை ஒருவர் ஸ்டேட்டஸில் வைத்தால், மறுநாளே பக்கத்துப் பட்டறையில் அச்சு தயாராகிவிடும். மருத்துவமனை வார்டில் எடுக்கும் ரீல்ஸில் பின்னால் நோயாளி படுத்திருப்பார். விடுதியில் எடுப்பதில் விருந்தினரின் கார் நம்பர் தெரியும். இதையெல்லாம் தடுக்க ஊழியரின் கல்யாண போட்டோ வரை துழாவ வேண்டியதில்லை. எதை எடுக்கக் கூடாது என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். ஆள் எடுக்குமுன் முகநூலில் தேடுபவர்களுக்கு இன்னொன்று: நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சேலத்தில் கார்த்திக் என்று தேடினால் எத்தனை பேர் வருவார்கள்! வேறொரு கார்த்திக்கின் பதிவைப் பார்த்து ஒரு நல்ல ஆளை இழப்பீர்கள். சரியான ஆளே கிடைத்தாலும் அவர் சாதி, மதம், கர்ப்பம், கட்சி எல்லாம் கண்ணில் பட்டுவிடும். பார்த்த பிறகு அதை வைத்து முடிவு செய்யவில்லை என்று எப்படிக் காட்டுவீர்கள்?

2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் நிலையாணைகள் (வேலை நிபந்தனைகளையும் ஒழுங்கு நடவடிக்கையையும் எழுத்தில் வகுக்கும் விதிகள்) 300 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடங்களுக்குத்தான். நம் கொலுசுப் பட்டறை, விசைத்தறிக்கூடம், சேகோ ஆலை, காபித் தோட்ட விடுதிகளில் பெரும்பாலானவை இதற்குள் வரவே வராது. ஆகவே இவற்றுக்கென்று தொழிலாளர் துறை தமிழில் ஒரு பக்க மாதிரி நிபந்தனை வெளியிட வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: கடவுச்சொல்லோ திறந்த போனோ கேட்கக் கூடாது, ஓனரையோ மேலாளரையோ நண்பராகச் சேர்க்கக் கட்டாயப்படுத்தக் கூடாது, பதிவைக் காரணம் காட்டினால் தேதியுடன் நகல் கொடுக்க வேண்டும், டிசைன், நோயாளி, வாடிக்கையாளர் படங்கள் வெளியே போகக் கூடாது, வேலையை விட்டவரை அன்றே குரூப்பிலிருந்து நீக்கி, கம்பெனி கம்ப்யூட்டரில் அவர் கணக்குகளை மூட அவருக்கே நேரம் தர வேண்டும்.

இப்படிக்கு,
தொழிலாளர் சட்ட ஆலோசகர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.