அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கிறது?

திருகோணமலை மாவட்டத்தில் பொது நூலகங்களை நடத்தும் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் நூலகப் பொறுப்பாளர்களுக்கும்

மதிப்புக்குரியீர்,

ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் இருக்கும் கண்ணாடி அலுமாரியைப் பற்றித்தான் இந்த மடல். எந்த அலுமாரி என்று உங்களுக்கே தெரியும். நூலகத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ‘எங்களைத்தான் சொல்கிறான்’ என்று நினைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

போன கிழமை தரம் 8 படிக்கும் என் மகள் அதன் முன்னால் நின்று, கழுத்தைச் சாய்த்து, புத்தக முதுகுகளில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு மெல்லிய புத்தகம் மட்டும் முன்பக்கம் தெரிய வைத்திருந்தது. அட்டையில் படகும் ஒரு பொடியனும். அதைத்தான் கேட்டாள். உத்தியோகத்தர் கோபப்படவில்லை, அன்பாகத்தான் சொன்னார்: “இதெல்லாம் வீட்டுக்குக் குடுக்கிறதில்ல பிள்ள. கதைப் புத்தகம் வாசிச்சு என்ன செய்யப் போறீங்க? பாஸ்ட் பேப்பர் இருக்கு, கொண்டு போங்கோ.” சரி, இங்கேயே இருந்து வாசிக்கிறேன் என்றாள். திறப்பு வேறொருவரிடமாம், அவர் லீவாம். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வினாத்தாள் தொகுப்போடு வந்தாள். இரண்டு பக்கம்கூடப் புரட்டவில்லை. வீட்டில் அதே தொகுப்பு ஏற்கெனவே இருக்கிறது.

ஐயா, அம்மா, அந்த அலுமாரியைத் திறந்து விடுங்கள். புத்தகங்களைப் பிள்ளைகளிடம் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

கதை வாசிப்பது பொழுதுபோக்கு, ஆங்கிலம் படிப்பது வேறு வேலை என்று நினைக்கிறீர்கள் போல. 1980களின் தொடக்கத்தில் பிஜியின் கிராமப் பாடசாலைகளுக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் வீட்டு மொழி அல்ல. கதை வாசித்தவர்கள் வாசிப்பிலும் கேட்டு விளங்குவதிலும் மற்றப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். அடுத்த ஆண்டு அந்த முன்னேற்றம் மற்றத் திறன்களுக்கும் பரவியது. 1990களில் நம் நாட்டுக் கிராமப் பாடசாலைகளிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. நூறு சொல்லில் இரண்டு சொல்தான் தெரியாதது என்றால் அகராதி தேவையில்லை, கதையே பொருளைச் சொல்லிவிடும். அதே சொல் பத்துப் பக்கம் தள்ளி வேறொரு வாக்கியத்தில் வரும்போது மனதில் நின்றுவிடும். இதற்காகவே 400 சொற்களில் தொடங்கி 2500 சொற்கள் வரை படிப்படியாக எழுதப்பட்ட வாசிப்புப் புத்தகங்கள் இருக்கின்றன. உங்கள் அலுமாரியிலும் இருக்கின்றன. முதுகில் சின்னதாக 1, 2 என்று எண் போட்டு, தடித்த கலைக்களஞ்சியங்களுக்கு நடுவே நசுங்கி நிற்பவை அவைதான். உள்ளே பிரித்துப் பார்த்தவர் யாராவது இருந்தால் அவற்றை அங்கே சொருகியிருக்க மாட்டார்கள்.

தரம் 3இலிருந்து ஆங்கிலம் படித்த பிள்ளை, ஐந்து வருடம் கழித்து ஒரு பக்கக் கதையைப் பார்த்துப் பயப்படுகிறது. பேருந்து நிலையத்திலிருந்து உப்புவெளி வரை ‘மூன்று மாதத்தில் ஆங்கிலம்’ என்று விளம்பரம் ஒட்டாத விளக்குக் கம்பம் இல்லை. நிலாவெளியில் வெள்ளைக்காரரைப் படகில் ஏற்றும் தம்பிமார் எந்த வகுப்புக்கும் போகாமல் பேசுகிறார்கள், அது வேறு கதை. ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். பதாகை கட்டுவீர்கள், குத்துவிளக்கு ஏற்றுவீர்கள், வாசிப்பின் பெருமையை ஒரு மணித்தியாலம் பேசுவீர்கள். கூட்டத்துக்குப் பின்னால் அலுமாரி பூட்டியபடியே நிற்கும். வெளிநாட்டிலிருந்து புத்தகம் அனுப்பியவர்கள் அடுத்த முறை பூட்டையும் சேர்த்து அனுப்பினால் உங்களுக்குச் செலவு மிச்சம்.

கேட்க வந்ததை விட்டு எங்கோ போகிறேன், மன்னிக்கவும்.

உங்கள் பயமும் விளங்காமல் இல்லை. கணக்கெடுப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் கேள்வி வருவது உத்தியோகத்தரிடம்தான். அவர் பூட்டி வைப்பதில் ஆச்சரியமில்லை. அதனால்தான் இதை நூலகத்துக்கு மட்டுமல்ல, மன்றங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கும் மெல்லிய புத்தகங்களில் வருடத்துக்கு இத்தனை கிழியலாம், தொலையலாம் என்று எழுத்தில் அனுமதி கொடுங்கள். முற்பணம் கட்டச் சொன்னால் கட்டுகிறோம், பிணைக்குக் கையெழுத்தும் வைக்கிறோம். பிள்ளை படுக்கையில் வைத்து வாசித்துக் கிழித்த புத்தகத்துக்கு நான் மகிழ்ச்சியோடு காசு தருவேன்.

இன்னொரு சின்ன வேண்டுகோள். புத்தகம் திரும்பி வரும்போது சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள், கேள்வியும் கேட்காதீர்கள். பிடிக்காவிட்டால் பாதியில் திருப்பிக் கொடுத்து வேறொன்று எடுக்க விடுங்கள். பரீட்சை வைக்கத்தான் பாடசாலை இருக்கிறதே.

தயவுசெய்து அலுமாரியைத் திறந்து விடுங்கள். உடனே முடியாதென்றால், லீவு போடாத ஒருவரிடமாவது இன்னொரு திறப்பைக் கொடுத்து வையுங்கள். என்ன முடிவு எடுத்தாலும் அறிவித்தல் பலகையில் ஒட்டினால் போதும், நாங்கள் வந்து பார்த்துக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தரம் 8 பிள்ளையின் தகப்பன்,
உப்புவெளி.